ஒரே மூலநிரல், வேறு வேறு வேகம்: கம்பைலர் அமைப்புகள் உண்மையில் எதை மாற்றுகின்றன?

லினக்ஸ் இயங்குதளத்தையும் அதற்கான நிரல்களையும் தொகுத்துத் தரும் ‘வழங்கல்’களில் ஒன்றான ஜென்டூ லினக்ஸின் 1.0 பதிப்பு 2002-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் அதைத் தம் கணினியில் நிறுவ முனைந்த எவரும் தொடக்கத்திலேயே திறந்து திருத்த வேண்டியிருந்த கோப்பு ‘மேக்.கான்ஃப்’. அதில், மனிதர் எழுதிய மூலநிரலைப் புராசசர் ஓட்டக்கூடிய ஆணைகளாக, அதாவது பைனரியாக, மாற்றும் கம்பைலருக்கான குறிப்புகளைத் தாங்கிய ‘சிஃப்ளாக்ஸ்’ என்ற வரி இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் எக்ஸ்பி புராசசர் வைத்திருந்தவர் அந்த வரியில் புராசசரின் பெயரையும், ‘ஓ3’ என்னும் உயர்ந்த உகப்பாக்க நிலையையும், செயற்கூறுகளின் அழைப்புத் தடத்தைக் காட்டும் ஃபிரேம் பாயின்டரை விட்டுவிடச் சொல்லும் குறிப்பையும் எழுதிவைப்பார். அதன் பிறகு ஷெல் என்னும் கட்டளை முகப்பில் தொடங்கி வரைகலைத் திரை வரை ஒவ்வொரு பொதியும் (நிரல் தொகுப்பும்) அவருடைய கணினியிலேயே, மூலநிரலிலிருந்து, அந்த வரி சொன்னபடி கம்பைல் ஆகும். முழு மேசைத்தளமும் எழுந்து நிற்கப் பல நாட்கள் பிடித்தன. அந்த நாட்களுக்கு ஈடாக அன்று கிடைத்ததும், இன்று அதே வரியை எழுதுபவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் புராசசர்களும் மாறின, கம்பைலர்களும் மாறின, மற்ற லினக்ஸ் வழங்கல்கள் தம் பொதிகளைக் கட்டும் முறையும் மாறியது.

ஜென்டூவின் பிறப்பிலேயே வேகத்தின் மீதான நாட்டம் இருந்தது. டேனியல் ராபின்ஸ் தொடங்கிய ‘ஈனாக்’ என்ற வழங்கலே பின்னர் ஜென்டூ ஆனது. அதிகாரபூர்வ ஜிசிசி கம்பைலரிலிருந்து கிளைத்திருந்த ‘ஈஜிசிஎஸ்’ கம்பைலரை ராபின்ஸும் உடனிருந்தவர்களும் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பென்குயின்களிலேயே மிக விரைவாக நீந்தும் இனத்தின் பெயர் வழங்கலுக்கு வந்தது. ஈஜிசிஎஸ் 1999-இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. சில காலம் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்திய ராபின்ஸ், நிரல்களை மூலநிரலிலிருந்து கட்டும் அதன் ‘போர்ட்ஸ்’ முறையின் தாக்கத்தில் ‘போர்ட்டேஜ்’ என்ற பொதி மேலாண்மைக் கருவியை வளர்த்தெடுத்தார். ஆகவே, பயனரே கம்பைல் செய்துகொள்வது என்ற பழக்கம் பிஎஸ்டி உலகிலிருந்து வந்தது. கம்பைலரை எவ்வளவு தூரம் முடுக்கலாம் என்ற ஆர்வம் ஈஜிசிஎஸ் சோதனைகளோடு சேர்ந்து வந்தது.

குறிப்புகள் என்ன சொல்கின்றன?

சிஃப்ளாக்ஸ் வரியில் இரண்டு வகைக் குறிப்புகள் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தப் பொருளில் பாதிக் குழப்பங்கள் எழுகின்றன. முதல் வகை, நிரலை எவ்வளவு தூரம் மாற்றியமைக்கலாம் என்று கம்பைலருக்குச் சொல்வது. ‘ஓ0’ என்றால் எழுதியது எழுதியபடியே மொழிபெயர்க்கப்படும். ஒவ்வொரு மாறியும் நினைவகத்துக்குப் போய்த் திரும்பும். ‘ஓ2’ நிலையில் கம்பைலர் மாறிகளைப் புராசசருக்குள்ளேயே உள்ள சிற்றிடங்களான ரெஜிஸ்டர்களில் தங்கவைக்கிறது, ஒரே கணக்கீடு இரண்டு முறை நடப்பதைத் தவிர்க்கிறது, சிறிய செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் பதிக்கிறது, ஆணைகளின் வரிசையைப் புராசசருக்கு உகந்தபடி மாற்றுகிறது. ‘ஓ3’ இதே வேலைகளை மேலும் துணிந்து செய்கிறது: பெரிய செயற்கூறுகளையும் விரிக்கிறது, ஒரு மடக்கை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதியை, பல வடிவங்களாகப் பிரித்து எழுதுகிறது. இதனால் பைனரி பருக்கிறது. ஆணைகளை அருகில் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகமான முதல் அடுக்கு ஆணைக் கேச் பல புராசசர்களில் நெடுங்காலமாக 32 கிலோபைட் அளவிலேயே இருந்துவந்ததால், பருத்த நிரல் அதில் அடங்காமல் போனால் ஈட்டிய வேகம் கேச்சைத் திரும்பத் திரும்ப நிரப்புவதிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது வகை, எந்தப் புராசசருக்காகக் கட்டப்படுகிறது என்று சொல்வது. ‘எம்-ஆர்க்’ என்ற குறிப்பு, அந்தப் புராசசரில் உள்ள எல்லா ஆணைகளையும் பயன்படுத்தலாம் என்று கம்பைலருக்கு அனுமதி தருகிறது. அப்படிக் கட்டிய பைனரி, அந்த ஆணைகள் இல்லாத பழைய புராசசரில் ஓடாது. ‘எம்-டியூன்’ குறிப்போ ஆணைகளின் தேர்வையும் வரிசையையும் மட்டும் ஒரு புராசசருக்குச் சாதகமாக அமைக்கச் சொல்கிறது. பைனரி எங்கும் ஓடும். ‘எம்-ஆர்க்’ குறிப்புக்கு ‘நேட்டிவ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், கம்பைலர் தான் ஓடிக்கொண்டிருக்கும் புராசசரையே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். இந்த வசதி 2007-இல் வந்த ஜிசிசி 4.2 பதிப்பில் சேர்ந்தது. பலரும் வேக மந்திரமாகக் கருதி எழுதிவந்த ‘பைப்’ என்ற குறிப்பு இந்த இரண்டு வகையிலும் சேராது. அது இடைநிலைக் கோப்புகளை வட்டில் எழுதாமல் கம்பைல் வேலையைத் துரிதப்படுத்துமே தவிர, உருவாகும் நிரலில் ஒரு பைட்டையும் மாற்றாது.

இடைவெளியின் கதை

எம்-ஆர்க் குறிப்பால் வரும் பலன், வழங்கல்கள் தரும் ஆயத்தப் பைனரி எந்தப் பழைய புராசசரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பதற்கும் நம் மேசையில் இருக்கும் புராசசருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. 2002-இல் அந்தத் தூரம் மிகப் பெரிது. இன்டெல் 386 வெளிவந்தது 1985-இல். 2002-இல் வந்த டெபியன் 3.0 வழங்கல் அந்த 386-லும் ஓட வேண்டும் என்ற பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்தது. ஆனால் பயனர்களின் மேசையில் பென்டியம் 3-உம் பென்டியம் 4-உம் அத்லானும் இருந்தன. நிபந்தனையைப் பார்த்துத் தாவாமலேயே மதிப்பை மாற்றும் ஆணைகள் 1995-இல் பென்டியம் புரோவுடன் வந்துவிட்டன. ஒரே ஆணையில் பல எண்களைக் கையாளும் எஸ்எஸ்இ 1999-இல் வந்துவிட்டது. ஆயத்தப் பைனரிகள் பெரும்பாலும் இவற்றைத் தொடவே இல்லை. மாண்ட்ரேக் என்ற வழங்கல் தன் பொதிகளை 386-க்கு அல்லாமல் பென்டியத்துக்காகக் கட்டியதையே தன் சிறப்பாகச் சொல்லிக்கொண்டது. அந்தச் சூழலில் ஜென்டூ பயனர் எழுதிய வரி வீண் ஆசையல்ல. தாம் விலை கொடுத்து வாங்கிய வன்பொருளின் பயன்படாத பாதியை அவர் கேட்டார்.

2003-இல் ஏ.எம்.டி. ஆப்டிரான் வந்ததும் நிலைமை மாறியது. 64 பிட் கட்டமைப்பு புதிய தொடக்கம் என்பதால், எஸ்எஸ்இ2 உட்பட அதுவரை வந்த முக்கிய ஆணைகள் எல்லாம் அதன் அடித்தளத்திலேயே இடம்பெற்றன. பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 8-இலிருந்து 16 ஆயின. ஆகவே, 64 பிட் பைனரி ஒன்றை எந்த வழங்கலிலிருந்து எடுத்தாலும், முன்பு தனியாகக் கம்பைல் செய்துதான் பெற வேண்டியிருந்த பலன்களின் பெரும்பகுதி அதிலேயே அடங்கியிருந்தது. மூலநிரலிலிருந்து கட்டுவதன் வேக நியாயம் மெலியத் தொடங்கியது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன்.

பிறகு அந்த இடைவெளி மீண்டும் அகன்றது. 2013-இல் இன்டெல் ஹாஸ்வெல்லுடன் வந்த ஏவிஎக்ஸ்2, ஒரே ஆணையில் 256 பிட்டுகளை, அதாவது எட்டு 32 பிட் எண்களைக் கையாண்டது. ஆனால் வழங்கல்களின் பைனரிகளோ 2003-இன் 128 பிட் அடித்தளத்திலேயே நின்றன. இதைச் சீர்செய்ய ஏ.எம்.டி., இன்டெல், ரெட் ஹேட், சூஸே ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 2020-இல் எக்ஸ்86-64 கட்டமைப்புக்கு வி2, வி3, வி4 என்ற படிநிலைகளை வரையறுத்தன. வி2 ஏறத்தாழ 2009 காலத்துப் புராசசர்களையும், வி3 ஹாஸ்வெல்லையும் அதன் பின்வந்தவற்றையும், வி4 ஏவிஎக்ஸ்-512 உள்ளவற்றையும் குறிக்கின்றன. 2021-இல் வந்த ஜிசிசி 11 இந்தப் பெயர்களை ஏற்றது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 (2022) வி2-ஐயும், 10 (2025) வி3-ஐயும் குறைந்தபட்சத் தேவையாக்கின. இதற்கு ஒரு விலையும் உண்டு: 2020-இல் கூடக் கடைகளில் விற்ற சில பென்டியம், செலரான் புராசசர்களில் ஏவிஎக்ஸ் இல்லை, வி3 அடித்தளமாகும் வழங்கல்களில் அந்தக் கணினிகளுக்கு இடமில்லை. குறைந்த விலைக் கணினிகளையே நம்பியிருக்கும் பள்ளிகளையும் வீடுகளையும் நினைத்தால், டெபியன் போன்றவை பழைய அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

இந்த இடைவெளி காகிதத்தில் தெரியும் அளவுக்கு நடைமுறையில் உறைக்காததற்குக் காரணம், வேகம் மிகவும் தேவைப்படும் நூலகங்கள் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்புகள்) கம்பைலர் குறிப்புகளுக்காகக் காத்திருப்பதில்லை என்பதே. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் நினைவகத்தை நகலெடுக்கும் செயற்கூறுக்குப் பல வடிவங்கள் உள்ளன. நிரல் ஏற்றப்படும்போதே புராசசரை விசாரித்து உரிய வடிவத்தோடு இணைக்கிறது. காணொளியைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, டேவ்1டி ஆகியவற்றின் சூடான, அதாவது மிக அதிகமாக ஓடும், பகுதிகள் புராசசர் ஆணைகளிலேயே கையால் எழுதிய அசெம்பிளி. ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மறையாக்கமும் அப்படித்தான். ஆயத்தப் பைனரியாக வந்தாலும் இவை ஏவிஎக்ஸ்2 உள்ள கணினியில் ஏவிஎக்ஸ்2-ஐயே பயன்படுத்தும். திரைப்படம் பார்ப்பதற்காக எஃப்எஃப்எம்பெக்கை ‘ஓ3’ கொடுத்துக் கட்டுபவருக்குக் கிடைக்கும் மாற்றம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஏனெனில் நேரம் செலவாகும் இடத்தைக் கம்பைலர் தொடுவதே இல்லை.

ஸ்டாக்ஃபிஷ் காட்டும் பாடம்

குறிப்புகள் உண்மையாகவே பலன் தரும் இடம் எப்படி இருக்கும் என்பதை அறிய, ஸ்டாக்ஃபிஷ் என்ற கட்டற்ற சதுரங்க நிரலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். 64 பிட் எண் ஒன்றில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கட்டத்தைக் குறிக்கும்படி பலகை சேமிக்கப்படுகிறது. ஓர் எண்ணில் எத்தனை பிட்டுகள் ஒன்றாக இருக்கின்றன என்ற கேள்வி நொடிக்குப் பல இலட்சம் முறை எழும். வி2 நிலைப் புராசசரில் அதற்கு ‘பாப்கவுன்ட்’ என்ற ஒரே ஆணை போதும். 2003-இன் அடித்தளத்துக்குக் கட்டினாலோ அதே கேள்விக்குப் பல ஆணைகளைக் கொண்ட சுற்றுவழி தேவைப்படும். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, நிலையை மதிப்பிடச் சிறியதொரு நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது. அந்த வலையமைப்பின் பெருக்கல்களும் கூட்டல்களும் ஏவிஎக்ஸ்2 போன்ற அகன்ற ஆணைகளுக்கென்றே அமைந்தவை. எந்த ஆணைகளைப் பயன்படுத்துவது என்ற முடிவு கம்பைல் நேரத்திலேயே எடுக்கப்பட்டதால், அத்திட்டம் புராசசர் வகைக்கொரு பைனரியாகத் தனித்தனியே வெளியிட்டுவந்தது.

அந்தப் பைனரிகளைத் தேர்ந்தெடுப்பதற்கான பரிந்துரையில் ஒரு நுட்பம் உண்டு. பிஎம்ஐ2 என்ற ஆணைத்தொகுதியில் உள்ள ‘பெக்ஸ்ட்’ ஆணை, யானையும் மந்திரியும் எங்கெங்கு பாயலாம் என்பதை விரைவாகக் கண்டறிய உதவும். ஏ.எம்.டி.யின் ஜென் 1, ஜென் 2 புராசசர்களிலும் இந்த ஆணை இருக்கிறது. ஆனால் அவற்றில் அது உள்ளே மைக்ரோகோடாக, பல படிகளாகப் பிரிந்து ஓடியதால் மிகவும் மெதுவானது. 2020 இறுதியில் வந்த ஜென் 3-இல்தான் அது வேகமானது. எனவே பழைய ஜென் புராசசர் வைத்திருப்பவருக்கு, கூடுதல் ஆணை கொண்ட பைனரியைவிட ஏவிஎக்ஸ்2 பைனரியே உகந்தது. ஓர் ஆணை புராசசரில் இருப்பது வேறு, அது விரைவாக ஓடுவது வேறு. ‘நேட்டிவ்’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு எல்லாம் சரியாக அமைந்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டாக்ஃபிஷைக் கட்டும் முறையில் இன்னொன்றும் இருக்கிறது. முதலில் அளவீட்டுக் குறிகள் பதித்த பைனரி ஒன்று கட்டப்படுகிறது. அது சில நிலைகளை ஆடிப்பார்க்கிறது. எந்தக் கிளை அடிக்கடி எடுக்கப்பட்டது, எந்தச் செயற்கூறு சூடானது என்ற பதிவை வைத்து மறுபடியும் முழுதாகக் கம்பைல் செய்யப்படுகிறது. பிஜிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையில், எதை விரிப்பது, எதை ஒதுக்கிவைப்பது என்பதைக் கம்பைலர் ஊகிக்க வேண்டியதில்லை, கண்டு அறிகிறது. ‘ஓ3’ எல்லா மடக்குகளையும் ஒரே கண்ணோடு பார்த்து ஊகத்தால் விரிக்கிறது. பிஜிஓ சூடான மடக்கை மட்டும் விரித்து, பிழை கையாளும் நிரலைக் கேச்சுக்கு வெளியே தள்ளுகிறது. எனக்குத் தேர்வு கொடுத்தால் நான் எப்போதும் இரண்டாவதையே எடுப்பேன்.

அளவிடாத வேகம்

‘ஓ3’ கொடுத்துக் கட்டியதும் கணினி ‘சட்டென்று’ இயங்குகிறது என்று சொல்லும் பயனர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் உணர்வதற்கான காரணம் அவர்கள் நினைப்பதாக இல்லாமலிருக்கலாம். 2009-இல் டாட் மைட்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வியப்பான உண்மையைக் காட்டினர்: நிரலை ஓட்டும் ஷெல்லின் சூழல் மாறிகளின் மொத்த நீளம், தனித்தனியே கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கும் வரிசை ஆகியவை மாறினாலே, நிரல் நினைவகத்தில் அமரும் இடம் நகர்ந்து, ‘ஓ3’-ஆல் வேகம் கூடியதா குறைந்ததா என்ற முடிவே தலைகீழாகலாம். 2013-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் இதற்கு ஒரு வழி கண்டனர். நிரல் ஓடும்போதே அதன் செயற்கூறுகளும் தற்காலிக மதிப்புகளுக்கான அடுக்கும் இருக்கும் இடங்களைத் திரும்பத் திரும்பக் குலைத்து, இடம் தரும் தற்செயல் ஆதாயத்தை நீக்கிவிட்டு, எல்எல்விஎம் கம்பைலரின் நிலைகளை ஒப்பிட்டனர். ‘ஓ1’-இலிருந்து ‘ஓ2’-க்குப் போவதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. ‘ஓ2’-இலிருந்து ‘ஓ3’-க்குப் போவதன் பலனைத் தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

அந்த ஆய்வுக்குப் பிறகு கம்பைலர்கள் வளர்ந்திருக்கின்றன என்பது உண்மை. பல எண்களை ஒரே ஆணையில் கையாளும்படி நிரலைக் கம்பைலரே மாற்றுவது தானியங்கி வெக்டராக்கம். ‘ஓ3’-க்கு மட்டுமே உரியதாக இருந்த அதன் மிக எளிய வடிவத்தை 2022-இல் வந்த ஜிசிசி 12 ‘ஓ2’-க்கும் கொண்டுவந்தது. அதனால் இரு நிலைகளுக்கும் இடையிலான தூரம் இன்னும் குறைந்ததே தவிரக் கூடவில்லை. அதே 2022-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ‘ஓ3’ நிலையில் கட்டும் தேர்வை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்ற முன்மொழிவை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை.

அளவீட்டின் மதிப்பு உயர்ந்துவருவதற்கு ஃபிரேம் பாயின்டரின் கதையே சாட்சி. 2002-இல் எட்டே ரெஜிஸ்டர்கள் இருந்தபோது, அதில் ஒன்றை ஃபிரேம் பாயின்டருக்கு ஒதுக்குவது பெரிய இழப்பு. அதை விட்டுவிடுவது ஜென்டூ பயனர்களின் விருப்பக் குறிப்பாக இருந்தது. 2023-இல் ஃபெடோரா 38-உம், 2024-இல் உபுண்டு 24.04-உம் தம் பொதிகளில் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 16 ரெஜிஸ்டர்கள் உள்ள இடத்தில் இழப்பு சிறிது. கணினி முழுவதிலும் நேரம் எங்கே போகிறது என்று எளிதில் கண்டறியும் வசதியோ பெரிது.

கட்டும் முறை உண்மையில் எவ்வளவு மாற்றத்தைத் தரலாம் என்பதற்குப் பைத்தான் நிரல்மொழி நல்ல சான்று. 2020-இல் ஃபெடோரா 32-இல் பைத்தான் 3.8-ஐக் கட்டும்போது ஒரே ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. வேலையைப் பொறுத்து 5 முதல் 27 சதவீதம் வரை வேகம் கூடியது. அந்தக் குறிப்புக்குப் புராசசரோடு எந்தத் தொடர்பும் இல்லை. பகிர்வு நூலகம் ஒன்றின் செயற்கூறை வெளியிலிருந்து வேறொரு நூலகம் வந்து மாற்றிவிடக்கூடும் என்பதால், நூலகம் தன்னுடைய செயற்கூறையே அழைக்கும்போதும் கம்பைலர் அதை விரித்துப் பதிக்காமல் சுற்றுவழியில் போகும். அப்படி யாரும் மாற்றப்போவதில்லை என்று உறுதி கொடுத்ததும் அந்தச் சுற்றுவழி நீங்கியது. இன்று பெரும்பாலான வழங்கல்கள் பைத்தானை இத்தகைய குறிப்புகளோடும் பிஜிஓவோடும்தான் கட்டுகின்றன. ஆகையால், மூலநிரலை இறக்கி, அதன் உகப்பாக்கத் தேர்வை இயக்காமல், ‘நேட்டிவ்’ மட்டும் எழுதிக் கட்டுபவரின் பைத்தான், வழங்கலின் பைனரியைவிட மெதுவாகவே ஓட வாய்ப்புண்டு. தம் கையால் கட்டியதே வேகமானது என்ற நம்பிக்கை இங்கே நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது.

விடையையே மாற்றும் குறிப்புகள்

வேகம் கிடைக்காமல் போவது சிறிய இழப்பு. தவறான விடை கிடைப்பது பெரிய இழப்பு. ‘ஃபாஸ்ட்-மேத்’ என்ற குறிப்பும் அதை உள்ளடக்கிய ‘ஓ-ஃபாஸ்ட்’ நிலையும், தசம எண் (ஃப்ளோட்டிங் பாயின்ட்) கணக்கீட்டின் விதிகளைத் தளர்த்த கம்பைலருக்கு அனுமதி தருகின்றன. 10,000,000,000,000,000 என்ற எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்தால், 64 பிட் தசம எண்ணில் விடை 0. முதலில் பெரிய எண்களைக் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதி, பிழையை ஈடுசெய்வதற்கென்றே கவனமாக எழுதப்பட்ட கூட்டல் முறைகளைக் கலைத்துவிடும். எண்ணல்லாத மதிப்பு வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்வதால், அத்தகைய மதிப்பைச் சோதிக்கும் வரிகளையே அது நீக்கவும் கூடும்.

இதில் மிகவும் மறைவான கேடு ஒன்று இருந்தது. ஜிசிசி இந்தக் குறிப்போடு ஒரு பகிர்வு நூலகத்தைக் கட்டினால், அந்த நூலகம் ஏற்றப்பட்ட கணமே, மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கிவிடும்படி புராசசரின் நிலையை மாற்றும் சிறுநிரல் ஒன்றும் அதில் சேர்ந்துவிடும். அதன் பின் அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல் முழுவதன் கணக்கும் மாறும். பரவலாகப் பயன்படும் சில பைத்தான் பொதிகள் இப்படிக் கட்டப்பட்டிருந்தது 2022-இல் தெரியவந்தது. தசமக் கணக்கோடு தொடர்பே இல்லாத ஒரு பொதியை ஏற்றியதால் வேறொரு பொதியின் விடை மாறியது. 2023-இல் வந்த ஜிசிசி 13 பகிர்வு நூலகங்களுக்கு அந்தச் சிறுநிரலைச் சேர்ப்பதை நிறுத்தியது. முழுக் கணினிக்கும் பொதுவான சிஃப்ளாக்ஸ் வரியில் இந்தக் குறிப்பை எழுதுவது எந்தக் காரணத்தாலும் சரியாகாது என்பது என் உறுதியான கருத்து.

‘ஓ2’ நிலையிலேயே கூட, சி மொழியின் விதிகளை மீறிய நிரல் எதிர்பாராதபடி நடந்துகொள்ளும். 2009-இல் லினக்ஸ் கெர்னலின் ‘டன்’ வலையமைப்பு இயக்கியில், நினைவக இடத்தைக் காட்டும் ஒரு சுட்டின் வழியாக மதிப்பைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகே அந்தச் சுட்டு வெற்றானதா என்று சோதிக்கும் வரி இருந்தது. முன்பே படித்தாயிற்று என்பதால் சுட்டு வெற்றாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிய கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கியது. அது தாக்குதலுக்கு வழியாயிற்று. அதன் பின் கெர்னல் அத்தகைய நீக்கத்தைத் தடுக்கும் குறிப்போடு கட்டப்படுகிறது. பழைய மூலநிரல்களில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ மறைந்திருக்கின்றன. உகப்பாக்க நிலையை உயர்த்தும்போதும், எல்லாக் கோப்புகளையும் ஒருசேரப் பார்த்து உகப்பாக்கும் எல்டிஓ முறையை இயக்கும்போதும் அவை வெளிவருகின்றன. ஜென்டூவின் பொதிக் குறிப்புகளில் பல, பயனர் எழுதிய ஆபத்தான குறிப்புகளைத் தாமே வடிகட்டிவிடுவது இதனால்தான்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் மற்றொரு இடர் எளிமையானது. ‘நேட்டிவ்’ எனக் கட்டிய கணினியின் வட்டைக் கழற்றிப் பழைய கணினியில் மாட்டினால், நிரல்கள் ‘செல்லாத ஆணை’ என்ற பிழையோடு தொடக்கத்திலேயே நின்றுவிடும். கம்பைல் வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ‘டிஸ்ட்சிசி’ கருவியிலும் இதே சிக்கல் எழும், ஏனெனில் உதவிக்கு வரும் கணினி தன்னையே ‘நேட்டிவ்’ என எண்ணிக்கொள்ளும். அங்கெல்லாம் புராசசரின் பெயரை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

செலவுக் கணக்கு

எட்டுக் கோர்கள் கொண்ட கணினியில் ஓர் இணைய உலாவியைக் கட்ட நான்கு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 32 கோர்-மணி உழைப்பு. அப்படிக் கட்டியதால் உலாவி 3 சதவீதம் வேகம் பெற்றதாகவும் கொள்வோம். செலவிட்ட உழைப்பை ஈடுசெய்ய, அந்த உலாவி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோர்-மணிகள் முழுமூச்சாக ஓட வேண்டும். நான்கு வாரத்தில் புதிய பதிப்பு வந்துவிடும். அதற்குள் எட்டுக் கோர்களும் நாள்தோறும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முழுமூச்சாக ஓடியாக வேண்டும். மின்சாரத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு நேர்படுவது அரிது. மாதக்கணக்கில் ஒரே நிரலை நூற்றுக்கணக்கான கணினிகளில் ஓட்டும் அறிவியல் ஆய்வுக்கூடத்துக்கு அதே 3 சதவீதம் பெருஞ்செல்வம். ஒருமுறை கட்டினால் போதும்.

ஆனால் மூலநிரலிலிருந்து கட்டுவதன் பயன் வேகத்தோடு முடிவதில்லை. ஜென்டூவின் ‘யூஸ்’ தேர்வுகள் வழியாக, ஒரு பொதிக்குள் அச்சுப்பொறி ஆதரவோ புளூடூத்தோ கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இணைப்போ வேண்டுமா வேண்டாமா என்று பயனரே முடிவுசெய்யலாம். வேண்டாத நிரல் கணினிக்குள் வருவதே இல்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் புகுத்தப்பட்டிருந்த கள்ளக்கதவை வெளிப்படுத்தினார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியிலான நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதைக் கவனித்ததிலிருந்து அவர் அதைக் கண்டுபிடித்தார். சில வழங்கல்கள் எஸ்எஸ்ஹெச் சேவையகத்தைச் சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்துக் கட்டியதால்தான் அந்தக் கள்ளக்கதவுக்கு அங்கே செல்ல வழி கிடைத்தது. இணைப்பைக் குறைப்பதன் மதிப்பு இதில் தெரிகிறது. அதே வேளையில், நச்சு நிரலை நூலகத்துக்குள் புகுத்தியது வெளியீட்டு மூலநிரல் பொதியின் கட்டும் கட்டளைகள்தான் என்பதையும் மறக்கலாகாது. மூலநிரலிலிருந்து கட்டியது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது.

2023 டிசம்பர் 29 அன்று ஜென்டூவே தன் முதன்மைக் கட்டமைப்புகளுக்கு ஆயத்தப் பைனரிகளைப் பரவலாக வழங்கப்போவதாக அறிவித்தது. 2024 தொடக்கத்தில் வி3 நிலைக்கான பைனரிகளும் சேர்ந்தன. லிப்ரேஆபீஸ் போன்ற பெரும் பொதிகளை இப்போது சில நிமிடங்களில் இறக்கிக்கொள்ளலாம். மேக்.கான்ஃப் கோப்பில் நான் பரிந்துரைக்கும் வரி ‘ஓ2’, ‘நேட்டிவ்’, ‘பைப்’ ஆகிய மூன்றோடு நிற்கும். கூடுதல் குறிப்புகள் தேவைப்படும் ஓரிரு பொதிகளுக்கு மட்டும், அளந்து பார்த்த பிறகு, பொதிவாரியான அமைப்புக் கோப்பில் தனியாக எழுதலாம். ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலைகள் ஓடலாம் என்பதற்கு, வேலை ஒன்றுக்கு 2 ஜிகாபைட் நினைவகம் என்ற ஜென்டூ கையேட்டின் கணக்கைப் பின்பற்றினால் கணினி திணறாது. பயனரின் யூஸ் தேர்வுகளைப் பைனரிகளும் மதிக்க வேண்டும் என்று போர்ட்டேஜுக்குச் சொல்லிவிட்டால், அவரது தேர்வுகள் வழங்கலின் பைனரியோடு ஒத்துப்போகும் இடங்களில் அது பைனரியை இறக்குகிறது. ஒத்துப்போகாத பொதிகளை மட்டும், 2002-இல் செய்ததைப் போலவே, மூலநிரலிலிருந்து அவருடைய கணினியில் கட்டித் தருகிறது.